வேம்புலி என்னும் மூன்றாம் ஆள்

அயனம்பாக்கத்து எத்திராஜிடம் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர ஜெனரேட்டர் வண்டியும் இருந்தன. கல்யாணமோ சாவோ, முகப்பேர் முதல் வேலப்பன்சாவடி வரை அவருடைய வெளிச்சம்தான். ஜீப்புக்குக் காப்பீடு உண்டு. இழுபடும் வண்டிக்குப் பதிவு எண்ணும் இல்லை, காப்பீடும் இல்லை. ஆண்டுதோறும் முகவர் நினைவூட்டுவார். "தானா ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்குபா இன்சூரன்சு?" என்று எத்திராஜ் சிரிப்பார்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஏரிக்கரைச் சாலையின் வேகத்தடையில், அது தானாகவே ஓடியது. கொக்கியில் ஆணிக்குப் பதிலாகச் செருகியிருந்த கம்பி துள்ளி விழ, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. அதன்மேல் உட்கார்ந்து வந்த வேலையாள் வேம்புலியின் நசுங்கிய வலது காலை மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காவலர் வாக்குமூலம் வாங்க வருவதற்கு முன்பே எத்திராஜ் ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். வேம்புலியின் மனைவி வசந்தா எழுந்து நின்றாள்.

"குந்து தங்கச்சி. டேய் வேம்புலி, வண்டி மேல குந்திகினு வந்தேன்னு சொன்னேன்னா, இன்சூரன்சுல ஒரு பைசா வராது. இழுக்குற வண்டில ஆள் ஏறவே கூடாது."

"நீதானே அண்ணாத்தே ஏறச் சொன்னே?"

"இப்ப அதுவா பேச்சு? நீ என்கிட்ட வேலை செய்யல. நான் யாருன்னே உனக்குத் தெரியாது. ரோட்டுல போய்கினு இருந்த மூணாம் ஆளு நீ. மூணாம் ஆளுக்கு இன்சூரன்சுக்காரன் அள்ளிக் கொடுப்பான். அப்புறம், குடிச்சிட்டு நானா வந்து விழுந்தேன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ. என் லைசென்சு போச்சுன்னா உன் துட்டும் போச்சு."

"இவரு குடிக்கவே மாட்டாரே அண்ணே!" என்றாள் வசந்தா.

"குடிக்காதவன் சொன்னாத்தான் போலீஸ்காரன் நம்புவான் தங்கச்சி."

ஆட்டின் வழக்கை ஓநாய் எடுத்துக்கொண்டால் வாதம் இனிமையாகத்தான் இருக்கும். வேம்புலி அவருடைய கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காவலரிடமும், பின்னர் வந்த காப்பீட்டு ஆய்வாளரிடமும் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் சொன்னான்.

ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். இழுபடும் வண்டிக்கும் தனியே பிரீமியம் கட்டியிருந்தால்தான் நிறுவனம் பொறுப்பு, இதற்குக் கட்டவில்லை.

"அவர்கிட்ட வேலை செஞ்சிருந்தீங்கன்னா தொழிலாளர் இழப்பீட்டை அவரே கொடுத்தாகணும். நீங்கதான் அவர் யாருன்னே தெரியாதுங்கிறீங்க. அவர் மேல கேஸ் போடலாம்னா, குடிச்சிட்டு நானா விழுந்தேன்னும் சொல்லிட்டீங்க."

வேம்புலி ஊன்றுகோலோடு எத்திராஜின் கொட்டகைக்குப் போனான்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா அண்ணாத்தே?"

"எனக்கு இன்னாடா தெரியும், சட்டமா படிச்சேன்? இப்ப மாத்திப் பேசினா பொய் சொன்னதுக்கு உன்னைத்தான் உள்ள தள்ளுவான், மாமே." எத்திராஜ் அவன் தோளில் தட்டினார். "சோத்துக்குக் கவலைப்படாதே. கொட்டகைல காவலுக்கு இரு. வாய மட்டும் மூடிகினு இரு."

வேறு வழியில்லை, இருந்தான்.

கோயில் திருவிழாவில் எத்திராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குடித்துவிட்டுத் தன் வண்டியில் விழுந்த எவனோ ஒருவனுக்குக் காவல் வேலை கொடுத்தவர் என்று பேச்சாளர் புகழ்ந்தார். பிறகு வேம்புலியையே மேடைக்கு அழைத்தார்கள். இளைஞர்கள் இருவர் அவனைத் தூக்கி ஏற்றினார்கள்.

"இன்னா குவார்ட்டரா, ஃபுல்லா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

வேம்புலி ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டான். "ஃபுல்லுதான்," என்றான். "தப்பு என்னோடது. அண்ணாத்தே எனக்குத் தெய்வம்."

கைதட்டல் எழுந்தது. மேடையிலிருந்து எத்திராஜ் பெண்கள் வரிசையில் வசந்தாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தட்டினாள்.