தோள் அளவு

தைத்து முடித்துக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தபோதுதான் டெய்லரம்மாவுக்கு உறைத்தது. நீச்சல் உடை தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஊரார் உடம்பையெல்லாம் ஒரே பார்வையில் எடைபோட்டவள், தன் உடம்பை மட்டும் பழைய நினைப்பில் வெட்டிவிட்டாள். அந்த அளவுக்காரி, கணவன் உயிரோடு இருந்த காலத்து மனுஷி.

திங்கட்கிழமை நீச்சல் குளத்தில் வயதானவர்களுக்கான வகுப்பு ஆரம்பம். கடை இருந்தவரை பேச்சுக்குப் பஞ்சமில்லை. யாராவது ஒருத்தி அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பாள். கடையை மூடிய பிறகு டிவியோடுதான் வாயாட வேண்டியிருந்தது. நாலு பேரோடு சேர்ந்து நனையவாவது செய்யலாமே என்றுதான் பெயர் கொடுத்தாள்.

மகன் போனில் சலித்துக்கொண்டான். "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா? கீழ விழுந்து வச்சா யாரு பாக்கறது?"

"தண்ணியில எங்கடா கீழ விழறது?"

அவன் சிரிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

இன்னொரு உடைக்குத் துணி மீதி இருந்தது. மார்பும் இடுப்பும் தானே அளந்துகொண்டாள். பின்தோள்தான் வழிக்கு வரவில்லை. டேப்பின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது. கதவிடுக்கில் செருகிப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் போனது, மகன் வராமல் போன நாட்களைவிட அதிகமாக வலித்தது.

எதிர்வீட்டு டீச்சரும் தனிக்கட்டைதான். ஆனால் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இவள் தைத்துக் கொடுத்த சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று அவர் குறை சொன்னபோது, "சட்டை அப்படியேதான் இருக்கு, நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று டெய்லரம்மா வாயை விட்டதோடு சரி.

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய் மணியை அடித்தாள்.

"டீச்சர், இத ஒரு முனையில பிடிச்சுக்கிட்டா போதும்."

டீச்சர் அவளையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு?"

"நீச்சல் டிரெஸ்ஸு. தச்சது லூசாயிடுச்சு."

"டிரெஸ்ஸு அப்படியேதான் இருக்கும். நீங்கதான் இளைச்சுட்டீங்க." சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க. திரும்பி நில்லுங்க."

டீச்சரின் விரல் முதலில் ஒரு தோளில் அழுந்தியது, பிறகு மறு தோளில். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் போல, கை ஈரமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் டெய்லரம்மா எத்தனையோ பேரை இப்படித் தொட்டிருக்கிறாள். நிற்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"பதிமூணரை."

தெளிவாகத்தான் காதில் விழுந்தது. டெய்லரம்மா திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடுங்க டீச்சர்."

டேப் மறுபடியும் முதுகில் விரிந்தது. ஈர விரல் ஒன்று தோள் எலும்பைத் தேடி வந்து, அங்கேயே நின்றது.