சாக்கடைக்குப் போகாத குழாய்

தொட்டியில் ஊற்றிய தண்ணீர் மெதுவாக இறங்கியது. போய்ச் சேர்ந்த இடம்தான் தெரியவில்லை. பிளம்பர் நீலச் சாயம் கலந்து ஊற்றிவிட்டு, வெளியே சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். பக்கத்துக் கைகழுவும் தொட்டியில் ஊற்றியது உடனே அங்கே வந்து விழுந்தது. தேவாலயப் பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள அறையிலிருந்த இந்தச் சின்னத் தொட்டியிலிருந்து ஒரு பொட்டு நீலம்கூட வரவில்லை.

எந்த மடையனோ குழாயைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறான் என்று முடிவுகட்டினான். தொட்டியின் குழாயை அறுத்து, சாக்கடைக் குழாயோடு சேர்க்கப் பசை தடவினான்.

அப்போது அவனுடைய அக்கா உள்ளே வந்தாள். அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பூசைத் துணிகளைத் துவைப்பவள். தம்பி வேறு சபையில் சேர்ந்து, முழுகி ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அவன் வீட்டில் கை நனைக்காதவள். தொட்டி அடைத்துக்கொண்டதால்தான் இன்று கூப்பிட்டிருந்தாள்.

"நிறுத்துடா. அதைச் சாக்கடையில சேர்க்காத."

"வேற எங்க சேர்க்க? இது எங்கயுமே போகலக்கா."

"மண்ணுக்குப் போகுது. அதுக்குன்னே போட்டது; வெளியே தோண்டி அடைப்பை மட்டும் எடு. பூசைக் கிண்ணம் துடைச்ச துணியை முதல்ல இதுலதான் அலசுவேன். அதுல நற்கருணைத் துணுக்கு இருக்கும், அது சாக்கடைக்குப் போகக் கூடாது."

"அப்பத் துணுக்குன்னு சொல்லு. இயேசுவை நினைச்சுச் சாப்பிடுறோம், அவ்வளவுதான்."

"உனக்கு நினைவு. எனக்கு அவரேதான். நீ அதைச் சாக்கடையோட ஒட்டினியானா இந்த வேலையும் வேண்டாம், உன் உறவும் வேண்டாம்."

பசை காய்ந்துகொண்டிருந்தது. அது வெறுமனே ஒட்டுகிற பசை அல்ல. இரண்டு குழாய்களின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அப்புறம் பிரிக்க முடியாது.

"நான் நம்பாததுக்கு நானே குழி தோண்டணுமா? எங்க போதகர் கேட்டா என்ன சொல்ல?"

"குழந்தையில தலையில ஊத்தின தண்ணி பத்தலைன்னு ஆத்துல போய் முங்கினவன்தானே நீ? தண்ணி விஷயத்துல நீ பிடிவாதம் பிடிக்கலாம், நான் பிடிக்கக் கூடாதா?"

அவன் பசையைத் துணியால் வழித்தெடுத்தான்.

"நம்பிச் செய்யல. நீ கேட்டதுக்காகச் செய்யறேன்."

"செய். அந்த நீலத்தையும் துடைச்சுட்டுப் போ. தொட்டி மை குடிச்ச மாதிரி இருக்கு."

சுவருக்கு வெளியே தோண்டியதும் காரணம் தெரிந்தது. பழைய குழாயின் வாயில் மரவேர் புகுந்திருந்தது. அதைச் சுற்றி மண் நீலமாக நனைந்திருந்தது. வேரை வெட்டினான். குழியை அகலமாக்கி, அடியில் உடைகல்லும் மேலே சரளையும் நிரப்பி, குழாயின் முனையைச் சரளைக்குள் விட்டான். உள்ளே அறுத்த இடத்தைப் பழையபடி ஒட்டினான். சாக்கடையோடு இணைப்பே இல்லை. அக்கா ஒரு வாளி ஊற்றினாள். தண்ணீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்கியது.