பாதியில் எந்திரிக்கக் கூடாது

சீசன் நேரத்தில் தென்காசிக்காரன் குற்றாலத்துக்குப் போக மாட்டான். வெளியூர்க்காரனுக்கு அருவியை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டில் கிடப்பான். அப்படிக் கிடக்கிற பதினோரு பேர், வருஷம் தவறாமல் ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேறோர் இடத்துக்கு டூர் போவார்கள். அந்த இடம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. விண்வெளி விளையாட்டு. ஆளுக்கு ஒரு கப்பல். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு கேட். அந்த கேட்டுகளில் பதுங்கி நின்று போகிற வருகிற கப்பலை உடைத்துக் கொள்ளையடிக்கிறவர்களும் உண்டு. எந்தெந்த நாட்டிலிருந்தோ விளையாட வருகிற புண்ணியவான்கள். இவர்களுக்கெல்லாம் தப்பிப் பதினாலாவது கேட்டைத் தாண்டினால், கருத்த வானத்தில் நீலமாக ஒரு புகை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பேரருவி என்று இவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். முன்னால் கப்பல்களை வரிசையாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். குளிக்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

கூட்டத்துக்குத் தலைவர் மசூது பாய். தென்காசியில் ஜவுளிக்கடை. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கிளம்பிய பிறகு யாரும் பாதியில் எந்திரிக்கக் கூடாது. ஒருத்தர் எழுந்து போனால் அவர் கப்பல் நடுவழியில் அநாதையாக நிற்கும், அதைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் மாட்டுவார்கள். தொழுகைக்கு மட்டும் இருபது நிமிஷம் விலக்கு. அப்போது எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்க வேண்டும்.

இந்தச் சட்டம்தான் நிர்மலாதேவியின் வீட்டில் குண்டு போட்டது.

அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில். நிர்மலாவின் மகள் அபர்ணாவுக்கு இலஞ்சி கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இதில் மாற்றுப் பேச்சுக்கு இடமே கிடையாது. தாய்மாமன் என்றால் ஒரே ஆள், நிர்மலாவின் தம்பி சந்தோஷ்குமார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்கா வளர்த்த தம்பி. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பவன். அன்றைக்கு விடியக்காலை ஐந்து மணிக்கு மசூது பாய் கூட்டத்தோடு விளையாட்டில் சரக்கு ஏற்றக் கிளம்பினான். எட்டு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. வழியில் எவனோ மறித்துவிட்டான். 'பத்து நிமிசம்', 'இந்தா வந்துட்டேன்' என்று மெசேஜ் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். பத்து இருபதுக்கு ஆசாரி, "அம்மா, நேரம் போகுது" என்றார். நிர்மலாவின் கணவன் குற்றாலிங்கத்துக்குப் பங்காளி முறையில் பாண்டி என்று ஒருத்தன். 'நான் இருக்கேன்லா மைனி' என்று அவனே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

சந்தோஷ்குமார் வந்தபோது பதினொன்றே முக்கால். அபர்ணாவின் காதில் ரத்தம் காய்ந்திருந்தது. பாண்டி பந்தியில் இரண்டாவது பாயசத்துக்கு இலையை வழித்துக்கொண்டிருந்தான். கம்மல் டப்பாவை அக்கா காலடியில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிப் போனான் தம்பி. வராதது அவன் தப்பு. வந்தவனைச் சாப்பிடச் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிடாதது அவள் தப்பு. ஆளுக்கு ஒரு தப்பு இருந்தால் சண்டைக்கு ஆயுசு கெட்டி.

அதன் பிறகு ஒன்றே முக்கால் வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. குத்துக்கல்வலசையில் அவன் வீடு கட்டினான். பால்காய்ப்புக்கு அவள் போகவில்லை. அவளுக்கு இரண்டாவதாக ஆண் பிள்ளை பிறந்தது; அவன் ஆஸ்பத்திரி வராந்தா வரை வந்து, பிள்ளைக்கு எடுத்த துணியைப் பெண்டாட்டி நிவேதாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆனால் நிர்மலா சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை. 'எம்பிள்ளை காதுகுத்த விட்டுட்டு இருக்க அப்படி என்ன எழவு அது' என்று பார்ப்பதற்காகவே, சண்டை போட்ட பத்தாம் நாள் அந்த விளையாட்டுக்குள் போனாள். ஒரு வாரத்தில் குறை கண்டுபிடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான் போனாள். வரவில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் போன் பேசியவள் அவள். புளியறை செக்போஸ்டில் எத்தனை வண்டி நிற்கிறது, எந்த வளைவில் மரம் சாய்ந்து கிடக்கிறது என்று முன்னால் போன டிரைவரிடம் கேட்டுப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்வதுதான் பிழைப்பு. இங்கேயும் அதே வேலை இருந்தது. சின்னக் கப்பல் ஒன்றில் கூட்டத்துக்கு முன்னால் போய், கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதைவிட நல்ல ஆள் மசூது பாய்க்கு எங்கே கிடைக்கும்?

அந்தக் கூட்டத்தில்தான் சந்தோஷ்குமாரும் இருந்தான். எல்லோருக்குமான எரிபொருளையும் சாமானையும் சுமந்துகொண்டு கடைசியில் வருகிற பெரிய கப்பல் அவனுடையது. லாரி என்பார்கள். இரண்டு வருஷம் சாமான் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. முன்னால் அக்கா, பின்னால் தம்பி, நடுவில் பேச்சு இல்லை. என்ன செய்வது? ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள்.

"பாய், அவர்ட்ட சொல்லுங்க, மூணாவது கேட்ல ஒருத்தரும் இல்ல."

"சந்தோசு, மூணாவது கேட்ல ஒருத்தரும் இல்லையாம்."

"பாய், அவங்கட்ட சொல்லுங்க, வாரேன்னு."

"நிர்மலாக்கா, வாராராம்."

பதினோரு பேர் காதிலும் ஒரே ஹெட்போன். அவள் சொல்வது அவனுக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனாலும் பாய் வாயால் வந்தால்தான் அது அவனுக்குச் சொன்னதாகும். கோபம் வந்துவிட்டால் நம் பக்கத்தில் மரியாதையும் கூடிவிடும். கூடப் பிறந்தவன் 'அவர்' ஆகிவிட்டான். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவும் ஒரு விதி என்று நினைத்துப் பழகிவிட்டார்கள்.

இந்த ஆனியில் நிர்மலாவுக்கு நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்திருந்தது. சின்னவனுக்குப் பதினோரு மாசம். வருகிற புதன்கிழமை காதுகுத்து. ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டுக்குப் போய், நேரில் அழைக்க வேண்டும். பாண்டி இதற்குள் புது வேட்டி எடுத்துவிட்டான். 'நான் இருக்கேன்லா மைனி' என்று இரண்டு தடவை போன் வேறு. அந்தக் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தம்பி வேண்டும். அவன் மடியில் பிள்ளை இருக்க வேண்டும். ஆனால் முதலில் வாயைத் திறக்கிறவள் அவளாக இருக்கக் கூடாது.

"நான் மட்டும் போய்ச் சொன்னா மாப்ளை வரமாட்டான் தாயி. அக்காவுல்லா கூப்பிடணும்" என்று குற்றாலிங்கம் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்த வெற்றிலை வாடிப்போய், சனிக்கிழமை வேறு வாங்கி வைத்தான்.

டூர் கிளம்புவதற்கு முன்னால் மசூது பாயைத் தனியாக அழைத்துக் கேட்டுப் பார்த்தாள். "பாய், புதன்கிழமை விசயத்த அவர்ட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"நிர்மலாக்கா, கப்பல் விசயம்னா ஆயிரம் தடவை சொல்லுதேன். காதுகுத்துக்கு நான் தூது போனா அது முறையா? தட்டத் தூக்கிட்டு நீங்கல்லா போணும்."

நல்ல மனுஷன்தான், நேரம் பார்த்துக் கையை விரித்துவிட்டார்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். போகிற வழி சுகமாகக் கழிந்தது. பேரருவியின் முன்னால் போட்டோ எடுத்தார்கள். முன்வரிசையில் ஓரத்தில் அக்காவின் சின்னக் கப்பல். பின்வரிசையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தம்பியின் லாரி. வெளியே ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் குற்றாலிங்கம் சின்னவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், ஒன்பதாவது கேட்டைப் பத்துக் கப்பல்கள் தாண்டிவிட்டன. லாரி மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்வது பாயின் மைக் வழியாகவே எல்லோருக்கும் கேட்டது.

"எல்லாரும் அந்தச் சந்திரனுக்குப் பின்னால ஒதுங்கி நில்லுங்க. சந்தோசு, நீங்களும் தாண்டி வந்து சேந்துருங்க. நான் தொழுதுட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் பாய் போய்விட்டார்.

நிர்மலா மட்டும் கேட் பக்கத்திலேயே காவல் நின்றாள். பாய் போய் ஐந்து நிமிஷம் இருக்கும், எங்கிருந்தோ நாலு கப்பல் வந்து கேட்டைச் சுற்றி நின்றன. கொள்ளைக்காரன்கள். அவளுடைய சுண்டைக்காய்க் கப்பலை அவன்கள் சட்டையே பண்ணவில்லை. பெரிய மீனுக்குக் காத்திருந்தார்கள்.

"பாய், அவர்ட்ட சொல்லுங்க! கேட்ல நாலு பேர் நிக்கானுவ. தாண்ட வேண்டாம்னு சொல்லுங்க!"

பழக்கதோஷம். எடுத்துச் சொல்லப் பாய் இருந்தால்தானே?

செங்கோட்டையில் நர்ஸ் வேலை பார்க்கிற ரெபேக்காள்தான் வாயைத் திறந்தாள். "எக்கா, அவரு கேட்டுக்கிட்டுத்தான இருக்காரு. நீங்களே சொல்லிருங்களேன்."

"நீ சொல்லு ரெபேக்கா."

"நான் மாட்டேன். எனக்கு அலுத்துப்போச்சு."

அப்போது சந்தோஷ்குமாரின் குரல் வந்தது, ரொம்ப நிதானமாக. "ரெபேக்கா, எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. பாய் வரச் சொன்னாரு. நான் தாண்டுதேன்."

அட, வீம்புக்குப் பிறந்தவனே! காதில் விழுந்தது, விழாமல் என்ன? ஆனால் தனக்குச் சொல்லாத பேச்சைக் கேட்டு நடப்பது, கூப்பிடாத பந்தியில் போய் உட்காருகிற மாதிரி. இரண்டு வருஷத்துக் கப்பலையும் விடுவான், அதைச் செய்ய மாட்டான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தான்.

கேட்டின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. எல்லாம் எரிந்துவிட்டால் கப்பல் இந்தப் பக்கம் வந்துவிடும். நிர்மலா நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஐந்து. ஆறு.

"ஏலே சந்தோசு! தாண்டாதலே! நில்லுலே அங்கனயே!"

பக்கத்து அறையில் சின்னவன் திடுக்கிட்டு அழ ஆரம்பித்தான். அந்தச் சத்தத்துக்குள் லாரி கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நாலு பேரும் சுற்றிக்கொண்டார்கள். நகரக்கூட விடவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, வெடித்துச் சிதறியது. இரண்டு வருஷச் சேகரம் தூளாகி மிதந்தது. அதில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு நாலு பேரும் போய்விட்டார்கள்.



பிறகு அவன் குரல் கேட்டது. "எக்கா."

"என்னலே."

"கூப்ட்டியா?"

"ஆமா, கூப்ட்டேன்."

அவ்வளவுதான். அவள் மூக்கை உறிஞ்சியது மைக்கில் பதினோரு வீட்டுக்கும் கேட்டது, வெட்கமாகப் போய்விட்டது.

மசூது பாய் திரும்பி வந்தார். "எல்லாரும் இருக்கியளா? லாரிய எங்கப்பா காணும்? நிர்மலாக்கா, அவர்ட்ட எதும் சொல்லணுமா?"

"வேண்டாம் பாய். நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்."

"எங்க போறீய? எக்கா, இன்னும் எட்டு கேட் இருக்கு. நீங்க முன்னால போய்ப் பாக்காட்டா நாங்க எப்படி வாரது? பாதியில எந்திரிக்கக் கூடாதுக்கா!"

நிர்மலா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கப்பலைச் சந்திரனுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தக்கூட இல்லை. கேட் வாசலிலேயே, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி விட்டுவிட்டு எழுந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை எடுத்தாள். ஒரு சீப்புப் பழம், பாக்கு, பூ, சனிக்கிழமை வெற்றிலை. "வண்டிய எடுங்க" என்றாள். குற்றாலிங்கம் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அபர்ணாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, லோடு ஆட்டோவில் அவளையும் சின்னவனையும் ஏற்றிக்கொண்டு சாரலில் குத்துக்கல்வலசைக்கு ஓட்டினான்.

கதவைத் திறந்தது நிவேதா. "வாங்க மைனி" என்றவள், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். நிர்மலா அந்த வீட்டுப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. அக்காவையும் தட்டையும் பார்த்து எழுந்து நின்றான். அவன் பின்னால் திரையில், உடைந்த லாரித் துண்டுகளுக்கு நடுவே, அவளுடைய சின்னக் கப்பல் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது.

"எக்கா, உன் கப்பல் கேட்லயே நிக்கி. பாதியிலயா எந்திரிச்சி வந்த?"

"ஆமாலே."

"உடைச்சிருவானுவக்கா."

"உடைச்சா உடைக்கட்டும். எந்திரிக்கணும்னா எந்திரிக்கலாம் போலலே. ஒரு குடியும் முழுகிரல."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. தம்பியின் முகம் சுருங்கியது.

"அன்னைக்கு நானும் எந்திரிச்சிருக்கணும்க்கா."

"எந்திரிச்சிருக்கணும். நானும் உன்னைய ஒரு வாய் சாப்பிடச் சொல்லிருக்கணும். சரி, பிடி."

இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான். நிவேதா பிள்ளையை அவனிடம் நீட்டினாள். தட்டை எங்கே வைப்பது, பிள்ளையை எப்படி வாங்குவது என்று தடுமாறி, தட்டைக் கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினான். சின்னவன் ஹெட்போன் வயரைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

"புதன்கிழமை ஒம்பது மணி முகூர்த்தம். எட்டுக்கே வந்து நிக்கணும், தெரியுதா?"

"ஏழுக்கு வாரேன்க்கா. பாண்டி அத்தான் புது வேட்டி எடுத்திருக்காராமே?"

"அவன் பந்தியில பாயசம் குடிக்கட்டும்."

திரையில் எவனோ ஒருத்தன் வந்து சின்னக் கப்பலையும் உடைத்துவிட்டுப் போனான். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிவேதா காப்பி கொண்டுவந்தாள். நிர்மலா ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"சீனி பத்தலலே."