கட்டாத தாடை

துளசிங்கம் இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த தெய்வநாயகிக்கு அவர் இன்னும் உயிரோடுதான் இருந்தார்.

"இடமிருந்து வலம், ஒம்பது," என்று மகள் ருக்கு குறுக்கெழுத்துக் குறிப்பை உரக்கப் படித்தாள். "கடலின் தலையில் கட்டிய வலை மனதை அரிக்கும். மூணு எழுத்து. இன்னா நைனா, தெரியுதா?"

கட்டிலில் கிடந்தவரின் உதட்டோரம் ஓர் ஈ உட்கார்ந்தது. தாளால் விசிறினாள். ஈ எழுந்து, திறந்திருந்த வாய்க்குள் போனது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அது வெளியே வரும்வரை காத்திருந்தாள்.

விடியும்போது அண்ணன் எல்லப்பன்தான் முதலில் பார்த்தான். அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தான். பிறகு தலையைத் திருப்பி வாசலில் கிடந்த வலையைப் பார்த்தான்.

குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் வலை போடக் கூடாது. போன படகும் திரும்பிவிட வேண்டும். ஏரியில் நல்ல இடங்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் பிடிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துப் பாடு அன்று எல்லப்பனுக்கு வந்திருந்தது. தவறவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி வரும்போது இறால் பருவம் முடிந்திருக்கும்.

"தண்ணி வத்தறதுக்குள்ள வலையைப் போட்டு எடுத்துனு வந்துடறேன். அதுவரைக்கும் வெளிய சொல்லாதே," என்றான்.

"அண்ணே, நைனா செத்துட்டாருண்ணே."

"எனக்குக் கண்ணு இல்லியா? அவரே எழுந்து பேசினா இன்னா சொல்லுவாரு? போடா, பாட்டை வுடாதேன்னுதானே சொல்லுவாரு?"

அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதுதான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

அவள் பழைய வேட்டியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்தாள். இறந்தவரின் தாடையை உடனே கட்டிவிட வேண்டும் என்பது குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லப்பன் துணியைப் பிடுங்கினான்.

"எவளாவது எட்டிப் பாத்தா தெரிஞ்சுபூடும். அப்பால கட்டிக்கலாம். நீ அந்தப் பேப்பர் கட்டத்தைப் படிச்சுனு இரு. தெனம் ரெண்டு பேரும் கத்துவீங்க இல்ல? சத்தம் வரலைன்னா தெய்வநாயகி அத்த வந்து நின்னுடும்."

தெரிந்துபோனால் ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுக்கும், படகில் கூடப் போனவன் வீட்டுக்கும் பாடு கிடையாது. ருக்குவும் இந்த வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும். அவள் விலங்கியல் படித்தவள். வெயில் நாளில் தாடை எவ்வளவு சீக்கிரம் விறைக்கும் என்று தெரியும். தெரிந்தும் தாளை எடுத்தாள்.

ஒரு பக்கம் வாதம் வந்து படுத்ததிலிருந்து அப்பாவுக்குக் குறுக்கெழுத்துதான் பொழுது. அவருக்கு அது வரவே வராது. எந்தக் குறிப்பைப் படித்தாலும் மூன்று எழுத்து என்றால் இறால் என்பார். நான்கு என்றால் யோசிப்பார். ஒரே ஒரு தடவைதான் சரியாகச் சொன்னார். கல்லால் அடித்தால் கடைசி வீடு, நான்கு எழுத்து. "கல்லறை!" என்று கத்தினார். கல், அப்புறம் அடி என்றால் அறை, இரண்டும் சேர்ந்தது கல்லறை என்று ருக்கு விளக்கியபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அடியாவது ஒண்ணாவது. பழவேற்காட்டுல மீன் வித்துட்டு வெள்ளைக்காரன் கல்லறையிலதான் தூங்குவேன். நெழலு ஷோக்கா இருக்கும். அத்த வெச்சுதான் சொன்னேன்," என்றார்.

"இன்னாடி ருக்கு," என்றாள் தெய்வநாயகி சுவருக்கு அப்பால். "அண்ணன் இன்னிக்கு வாயே தொறக்கல?"

ருக்கு அந்த வாயைப் பார்த்தாள்.

"தொண்டை கட்டினு கீது அத்த. மெல்லப் பேசறாரு."

"வலைன்னு வந்தா மீனுதானே? எழுதித் தள்ளு."

"மீன் ரெண்டு எழுத்து அத்த."

"அப்ப இறாலு."

"அது இல்ல. வலைன்னு அவனே சொல்லிட்டான். அது அப்படியே கடைசில வரும். கடலோட தலைன்னா, கடல்ன்ற வார்த்தைல மொத எழுத்து. க. அந்தக் கவோட வலையைக் கட்டு."

கத்தி மீனைச் சுரண்டும் சத்தம் நின்றது.

"கவலை," என்றாள் ருக்கு. "மனசை அரிக்கிறது."

"த்தூ. தெனம் துன்றதுதானே, அதுக்கு ஒரு கட்டமா? யாரு கண்டுபிடிச்சது? நீயா, உங்கப்பனா?"

ருக்கு பென்சிலை எடுத்தாள்.

"நைனாதான்."

"பரவால்லியே! அண்ணே, இறாலை வுட்டு வெளிய வந்துட்டியே!"

தெய்வநாயகி சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் ருக்கு கட்டத்தில் மூன்று எழுத்துகளையும் எழுதினாள். பாயிலிருந்து ஈரம் சொட்டத் தொடங்கியிருந்தது. பினாயிலை ஊற்றித் துடைத்தாள். தாடையில் விரல் வைத்து மேலே தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

எல்லப்பன் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முழங்கால்வரை சேறு. கண் பளபளத்தது. கூடையிலிருந்து பெரிய இறாலாகப் பார்த்து இரண்டு கை அள்ளி ஐஸ் பெட்டிக்குள் போட்டான்.

"மூணாம் நாள் படையலுக்கு ஆவும்," என்றான். அப்பாவைப் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவினான். வாசலுக்குப் போய், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ நைனா!" என்று அலறினான்.

குப்பம் கூடிவிட்டது. ஊர்த் தலைவர் வேதாசலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எப்பப்பா?"

"இப்பத்தான் மாமா. வலையை எறக்கி வெச்சுட்டு வந்தேன். தண்ணின்னு கேட்டாரு. என் கையால மூணு மடக்கு குடிச்சாரு. அப்படியே..."

எல்லப்பனுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது.

"புள்ளை கையால குடிச்சுட்டுப் போயிருக்காரு. குடுத்து வெச்ச மனுஷன்," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

குளிப்பாட்டத் தெய்வநாயகிதான் உட்கார்ந்தாள். துணிப் பட்டையைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் இழுத்தாள். வாய் மூடவில்லை. வெந்நீரில் துணி நனைத்து ஒத்திவிட்டு மறுபடி இழுத்தாள். பட்டைதான் அறுந்தது. அவர் கையை மடக்கப் பார்த்தாள். கட்டையாக நின்றது. மெல்ல நிமிர்ந்து ருக்குவைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் நின்ற தன் மகன் தங்கவேலைப் பார்த்தாள். அவன் எல்லப்பனின் படகில் போனவன். அவன் கெண்டைக்காலில் இறால் மீசை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா தெய்வநாயகி, வாய் மூடலியா?" என்றார் வேதாசலம். "இப்பத்தான் போனாருன்றான்?"

அழுதவர்கள் அழுகையைக் குறைத்தார்கள்.

"பல்லு இல்லாத தாடை அப்படித்தான் இஸ்துக்கும்," என்றாள் தெய்வநாயகி. கை இன்னும் மோவாயில் இருந்தது. "மத்தியானம் கூடக் கட்டம் போட்டுனு இருந்தாரே. கவலைன்னு ஒரு கத்து கத்தினாரு. இந்தக் காதால கேட்டேன். வேணும்னா ருக்குவைக் கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடப்பவள் ருக்கு. ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு நாளும் பேசியதில்லை. எல்லப்பன் அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். தங்கவேல் தரையைப் பார்த்தான். தெய்வநாயகியின் விரல்கள் அப்பாவின் முகத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தன, செல்லம் கொஞ்சுவதுபோல. ஐஸ் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் இறால் வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது.

ருக்கு ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

"இன்னாம்மா?" என்றார் வேதாசலம். "பயப்படாம சொல்லு. கேட்டுச்சா இல்லியா?"

"நைனா விடிகாலைலயே செத்துட்டாரு, மாமா."