சத்திரத்தில் விட்டுவந்த வைத்தியச்சி

கடையில் மெக்கானிக் எங்கள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். தூசி கிளம்பி அண்ணியின் தோளில் படிந்தது.

"இப்ப வர்ற கேமை இதுக்குக் காட்டினாலே மூச்சு முட்டும்மா. பத்து வருஷம் முந்தி வந்தது ஏதாச்சும் இருந்தா ஓடும்."

"ஓட வேணாங்க, நடந்தாப் போதும்," என்றாள் அண்ணி.

அண்ணிக்குப் பார்சல் ஆபீசில் வேலை. நாள் முழுக்க யார் யாருடைய முகவரியையோ தட்டிக்கொண்டிருப்பாள். ஆபீசில் பழைய மிஷின்களைக் கழித்தபோது மேனேஜரிடம் கேட்டு ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "குப்பை போடத்தான் போவாங்க, இவ எடுத்துட்டு வர்றா," என்று அண்ணன் சிரித்தான். அது எனக்காக வந்தது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது வாய்க்கு வந்துசேர நேரமாகும். அதற்குள் வகுப்பே சிரித்து முடித்துவிடும். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

"டைப்பிங் பழகு, எங்காச்சும் வேலைக்கு ஆகும்," என்றுதான் அண்ணி முதலில் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து அவளாகவே, "எந்நேரமும் டைப்பிங்னா மண்டை காஞ்சிடும். ஒரு கேமும் போட்டுக்கலாம்," என்றாள். வாளும் மந்திரமும் பூதமும் வருகிற கேம் ஒன்றை முன்பு தோழி வீட்டில் பார்த்ததாக எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தேன். அதை நினைவு வைத்திருந்தாள்.

மெக்கானிக் நான்கு சிடிக்களை மேஜையில் பரப்பினார். முதலாவதன் அட்டையில் நெருப்பு கக்கும் பெரிய டிராகன். ஆனால் எங்கள் மிஷினில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். இரண்டாவது ஓடும், ஆனால் மூன்று பூதம் சேர்ந்து வந்தால் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி எல்லாம் அசையாமல் நின்றுவிடுமாம். மூன்றாவதில் எழுத்து எறும்பு சைஸ். நான்காவதின் அட்டைதான் இருப்பதிலேயே மோசம். சளி பிடித்தவர்கள் மாதிரி நான்கு பேர் நின்றார்கள்.

"இது முறை வச்சு ஆடறது. நீ ஒரு அடி, பூதம் ஒரு அடி. நீ யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அது அப்படியே நிக்கும்."

"எவ்வளவு நேரம்?" என்றேன். அந்தக் கடையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

"நீ குளிச்சு சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வந்தாலும் நிக்கும்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். "இதையே குடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து ஆட்களை உருவாக்கினோம். கூட்டத்தில் நான்கு பேருக்குத்தான் இடம். வில்லுக்காரி நான். ஒரு முரட்டு வாள்காரன், பூட்டு திறக்கத் தெரிந்த ஒரு திருடன். நான்காவது அண்ணி.

"எனக்குச் சண்டை வேணாம்பா. வைத்தியம் பண்றவளா போடு. அடிபட்டவங்களை எல்லாம் பொழைக்க வைக்கட்டும்."

முடி எப்படி இருக்க வேண்டும் என்று அண்ணி அரைமணி நேரம் பார்த்தாள். பச்சை அங்கி, தோல் செருப்பு, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. பெயர் கேட்ட கட்டத்தில், முகவரி தட்டுகிற வேகத்தில் 'தும்பி' என்று தட்டினாள்.

"யாரு அண்ணி தும்பி?"

"நான்தான். எங்க வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம். அண்ணிக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது.

பகலில் நான் தனியாக ஆடினேன். ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது, தும்பி ஒன்றுக்கும் உதவமாட்டாள். ஒரு அடிக்கே சுருண்டு விழுவாள். அவளைத் தூக்கி நிறுத்துவதற்குள் மற்றவர்களும் விழுவார்கள். மலைக் கணவாயில் ஏழு தடவை தோற்றேன். எட்டாவது தடவை ஒரு வழி தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். ஊர் எல்லைச் சத்திரத்தில் கூட்டத்து ஆளை இறக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். இறக்கும் முன் அவள் பொருளை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். தடியை எடுத்தேன். மருந்துக் குப்பிகளை எடுத்தேன். அங்கியைத் திருடனுக்கு மாட்டினேன். செருப்புக்கு ஒரு புள்ளி வேகம் உண்டு, அதையும் கழற்றி நான் போட்டுக்கொண்டேன். அங்கே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கோடாலிக்காரனைச் சேர்த்துக்கொண்டு கணவாயை ஒரே மூச்சில் தாண்டினேன். அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

சாயங்காலம் அண்ணி வந்ததும் பையை மாட்டிவிட்டு முதலில் கேட்டாள். "தும்பி என்ன பண்றா?"

"நல்லா இருக்கா அண்ணி. இன்னைக்குக் கணவாயைத் தாண்டிட்டோம். நான் விழுந்துட்டேன், அவதான் பொழைக்க வச்சா."

கேள்விக்கு உடனே பதில் வந்தது. பொய் என்றால் என் வாய்க்கு வழி தெரிகிறது.

அதன்பிறகு தினமும் ஒன்று. தும்பி பாலத்தில் தொங்கிய திருடனைக் காப்பாற்றினாள். தும்பி விஷத்தை முறித்தாள். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள், நடுவில் கத்தியை நிறுத்திவிடுவாள். அதை ஆபீசிலும் போய்ச் சொன்னாள். பார்சலுக்குச் சீல் குத்துகிற அக்கா ஒருத்தி, "இன்னைக்கு உங்காளு யாரைப் பொழைக்க வச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாளாம். "சீரியல் மாதிரி ஆயிடுச்சுடி," என்று சொல்லிச் சிரிப்பாள் அண்ணி. மீண்டும் போய் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன். ஆனால் திரும்பிப் போனால் ஐந்து ஊர் தாண்ட வேண்டும், அவளை வைத்துக்கொண்டு அடுத்த குகையில் ஜெயிக்கவும் முடியாது. நாளைக்கு என்று விட்டுவிடுவேன்.

சனிக்கிழமை அண்ணி மதியமே வந்துவிட்டாள். ஆபீசில் கரண்ட் இல்லையாம். முகத்தைக் கூடக் கழுவவில்லை.

"தள்ளு தள்ளு. இன்னைக்கு நான் ஆடறேன்."

நான் கம்ப்யூட்டர் சூடாகியிருக்கிறது என்றேன். தலை வலிக்கிறது என்றேன். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். திரையில் நான்கு முகங்கள் வந்தன. அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்தத் தாடிக்காரன் யாரு?"

"கோடாலிக்காரன்."

"தும்பி எங்க?"

பதில் வரவில்லை. இந்தத் தடவை சொல்ல வேண்டியது உண்மை.

"செத்துட்டாளா?"

"இல்ல அண்ணி. சத்திரத்துல இருக்கா."

"சரி, போய்க் கூட்டிட்டு வருவோம். எந்தப் பக்கம்?"

கோபம் எதுவும் இல்லை, வழிதான் கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் எங்கள் பழைய மிஷினுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரை கறுத்து ஒரு மணல் கடிகாரம் மட்டும் சுற்றும். அந்தக் கறுப்பில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. ஐந்து ஊர், ஐந்து தடவை. மூன்றாவது ஊரில் அண்ணி, "எப்ப விட்டே?" என்றாள்.

"கணவாய்க்கு முன்னாடி."

கறுப்புத் திரையில் அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்போ பாலம்?"

"இல்ல."

"விஷம்?"

"இல்ல அண்ணி."

சத்திரம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தும்பி நின்றாள். இந்தக் கேமில் ஆளிடம் இருப்பதை அப்படியே வரைந்து காட்டுவார்கள். உள்ளாடையோடு, வெறுங்காலோடு, கையைத் தொங்கவிட்டு நின்றாள். அரைமணி நேரம் பார்த்துத் தேர்ந்த முடி மட்டும் அப்படியே இருந்தது.

"செருப்பைக்கூடவா எடுத்தே?"

அண்ணி அவள்மேல் அழுத்தினாள். காத்திருக்கிற ஆட்கள் எல்லோரும் சொல்கிற ஒரே வாக்கியத்தை அவளும் சொன்னாள். நான் தயார், எப்போது கிளம்பலாம்?

அண்ணி திட்டிவிட்டால் தேவலை என்று நினைத்தேன். திட்டவில்லை. மௌஸை என் பக்கம் தள்ளி, "எடுத்ததைக் குடு," என்றாள். அங்கியைக் கொடுத்தேன். செருப்பைக் கொடுத்தேன். மருந்து தீர்ந்திருந்தது. தடியை இரண்டாவது ஊர்க் கடையில் விற்றிருந்தேன். அதையும் சொன்னேன்.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல கேட்பாங்களேடி," என்றாள் அண்ணி. "நான் என்ன சொல்றது?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

"அதைச் சொல்லி என்னத்துக்கு?" திரையில் நின்ற தும்பியைப் பார்த்தாள். "நீங்க எல்லாரும் செத்துட்டீங்க, தும்பி தனியா போய்க்கிட்டிருக்கான்னு சொல்லிக்கிறேன்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் மௌஸைத் திரும்ப வாங்கி, எங்கள் நான்கு பேரையும் சத்திரத்தில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, தும்பியை மட்டும் கதவைத் திறந்து வெளியே கொண்டுபோனாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை. தவறாக அழுத்தினாள், திரும்ப அழுத்தினாள். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போவதற்கும் கூச்சமாக இருந்ததால் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏய், அண்ணி வந்துட்டாளா? டீ போடச் சொல்லு."

அண்ணியின் கை பழக்கத்தில் மௌஸை விட்டு எழுந்தது.

"நான் போடறேன்," என்று நான் முந்திக்கொண்டேன்.

பாலைத் தேட வேண்டியிருந்தது. டீத்தூள் டப்பா எது என்று இரண்டைத் திறந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை, அது தெரியும். மூன்று டம்ளரை வரிசையாக வைத்துவிட்டு மூன்றாவதுக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். யோசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யோசித்தேன். தெரியவில்லை. கேட்பதைவிடக் குத்துமதிப்பாகப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சமையலறை வாசல் வரை போனேன்.

"அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?"

திரையில் ஒரு ஓநாய் நின்றது. அண்ணி திரும்பவில்லை.

"நான் டீ குடிக்கறதில்லையே," என்றாள்.