கண்ணாடி அறையும் கண்டெய்னர் லோரியும்

எங்கள் நிறுவனத்துக்குத் 'தோள்' என்று பெயர் வைத்தது நான்தான். சாய்ந்துகொள்ள ஒரு தோள் என்ற அர்த்தத்தில் வைத்தேன். "நல்லாத்தான் இருக்கு பிரேமி. ஆனா இங்கிலீஷ்ல எழுதினா எல்லாரும் டோல் சாவடின்னு நெனச்சுக்குவாங்க லா" என்று என் கூட்டாளி லோகேஸ்வரி அப்போதே எச்சரித்தாள். நடுவில் ஒரு 'ஹெச்' போட்டால் சரியாகிவிடும் என்றேன். கிள்ளானில் எங்கள் சுவரொட்டியை அச்சடித்தவர் மிகவும் பொறுப்பானவர். அந்த ஹெச்சை எழுத்துப் பிழை என்று முடிவு செய்து, எங்களைக் கேட்காமலே நீக்கிவிட்டார். 'டோல். பிரச்சனையா? உடனே கூப்பிடுங்கள்' என்று கொட்டை எழுத்தில், என் கைத்தொலைபேசி எண்ணோடு இருநூறு சுவரொட்டிகள் வந்து இறங்கின.

அதற்கு முன் பதினான்கு வருடம் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருந்தேன். டெங்கிலிலிருந்து ஒரு பெண் வருவாள். தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறி வந்து, என் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பாள். "வர்றதுக்கே டென்ஷனாயிடுது டாக்டர். நீங்க அங்க வந்துட்டா நல்லா இருக்கும்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய் ஆலோசனை தரலாம் என்று அடுத்த வருடம் வேலையை விட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை அது ஆறவில்லை. "நல்ல உத்தியோகத்தை விட்டுப்போட்டு, ஊர் ஊராய்ப் போய் ஆக்களோட கதைக்கிறதோ பிள்ளை ஒரு தொழில்?" என்பார்.

லோகேஸ்வரி கிள்ளானில் பதினாறு வருடம் மனிதவள அதிகாரியாக இருந்தவள். சிலாங்கூரில் அவளுக்குத் தெரியாத மேலாளர் இல்லை. நாங்கள் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் அலுவலகம் எடுத்தோம். பதினொரு மணிக்கு ரசம் தாளிக்கும் வாசனை படியேறி வரும். அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் மனம் அமைதியாகாது, பசிதான் எடுக்கும்.

முதல் வாடிக்கையாளரை லோகேஸ்தான் பிடித்தாள். கிள்ளானில் கண்டெய்னர் லோரிகள் வைத்திருக்கும் சுகுமாறன். நாற்பது ஓட்டுநர்கள். ஒரே மாதத்தில் நான்கு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதில் அவர் கொஞ்சம் ஆடிப்போயிருந்தார். மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிற்காமல், எனக்காகவே லோரி யார்டில் தன் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறையையும் கட்டிக் கொடுத்தார். நான்கு பக்கமும் கண்ணாடி. புது ஏர்கண்டிஷனர். யார்டுச் சுவரெல்லாம் எங்கள் டோல் சுவரொட்டிகளையும் ஒட்டினோம்.

"எப்படி மேடம், கிளாஸா இல்ல?" என்று பெருமையாகக் கேட்டார்.

கிளாஸாகத்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் மீன் தொட்டியில் இருப்பது போல இருந்தது. லோரி ஓட்டுநர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். போகும்போது என்னை எட்டிப் பார்த்துவிட்டு, நான் சிரித்தால் சட்டென்று தலையைத் திருப்பிக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் உள்ளே வந்த ஒரே ஆள் துப்புரவு வேலை செய்யும் தாமரை.

"அக்கா, ரெண்டு நிமிஷம் நின்னுக்கறேன். வெளிய ரொம்ப பானாஸ், வேர்த்துக் கொட்டுது" என்று ஏர்கண்டிஷனருக்கு நேராக நின்றுகொண்டாள். பிறகு, எனக்காகப் பரிதாபப்பட்டவள் போல, "சும்மா காத்திருக்காதீங்கக்கா. இதுக்குள்ள ஒருத்தன் வந்தா சாயந்திரத்துக்குள்ள மெண்டல்னு பேர் வச்சுருவாங்க" என்றாள்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை மதியம், தொலைபேசி அடித்தது.

"ஹலோ, டோல் ஆபீஸா? ஏன்யா கேட் தொறக்க மாட்டேங்குது? கார்ட வச்சா சத்தம் வருது, கேட் தொறக்கல. பின்னாடி இருபது கார் நிக்குது. எல்லாரும் ஹோன் அடிக்கறானுங்க. அப்புறம் ஒருத்தன் வந்து தொறந்து விடறான், என்னமோ நான் திருட வந்த மாதிரி பாக்கறான்!"

இது டோல் அலுவலகம் இல்லை என்று சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். அவர் இடமே கொடுக்கவில்லை. தப்பான எண் என்று வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் அவர் சொன்னார்: "கையி ஆடுது தெரியுமா மேடம்? ஸ்டீரிங்கப் பிடிக்க முடியல."

ஒரு கேட் திறக்காததற்குக் கை அப்படி ஆடாது.

"வண்டி இப்ப எங்க நிக்குது அண்ணே?"

"டோல் தாண்டி ஓரமா நிப்பாட்டிட்டேன்."

"தண்ணி இருக்கா? ரெண்டு வாய் குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சந்தேகத்தோடு, "டோல் ஆபீஸ்ல இவ்வளவு தன்மையாப் பேச மாட்டாங்களே" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப... யார்டுல அந்தக் கண்ணாடி ரூம்ல ஒக்காந்திருக்கற அம்மாவா?"

"ஆமாண்ணே."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். பெயர் கன்னையா. சுகுமாறனிடம் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார். கண்ணாடி அறைக்குள் மட்டும் வரமாட்டேன் என்றார். யார்டுக்குப் பின்னாலுள்ள தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் லோரியை நிறுத்தியிருந்தார். நான் ஏணி ஏறுவது போல ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடம் ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய்ப் பேசுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சாமி படம், சீப்பு, துண்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பிப்ரவரியில், மழை நாளில், ஷா ஆலம் போகும் மேம்பாலத்தின் உச்சியில் அவருக்கு முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் சறுக்கி விழுந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தார். லோரி சறுக்கிக்கொண்டே போய், விழுந்தவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. எந்திரிச்சான். ஹெல்மெட்ட சரி பண்ணிக்கிட்டு எனக்குக் கையத் தூக்கிக் காமிச்சான். பைக்க நிமித்தினான், போயிட்டான்." ஸ்டீரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணுமே ஆகலையே டாக்டரம்மா. ஆகியிருந்தாலாவது யார்கிட்டயாச்சும் சொல்லலாம். ஒண்ணும் ஆகாததுக்குப் பயப்படறேன்னு வீட்டுல சொல்ல முடியுமா?"

அன்றிலிருந்து அந்த மேம்பாலத்தை அவர் தொடவில்லை. ஆறு மாதமாகச் சுற்று வழியில், பழக்கமில்லாத டோல் சாலையில் போய்க்கொண்டிருந்தார். இப்போது அங்கேயும் கை ஆட ஆரம்பித்துவிட்டது.

அந்த மாதம் வேறு இரண்டு ஓட்டுநர்களும் கூப்பிட்டார்கள். அவர்களும் டோல் பற்றித்தான் ஆரம்பித்தார்கள். மூன்று பேர் பேசினார்கள் என்று மட்டும் மாத அறிக்கையில் எழுதினேன். மறுநாளே சுகுமாறன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"யாரு அந்த மூணு பேரு?"

"பேர் தர முடியாது சார். அந்த நம்பிக்கையிலதான் பேசறாங்க."

"நாப்பது டன் லோரி லா மேடம்! ஒருத்தன் மனசு சரியில்லாம ஓட்டி யார் மேலயாச்சும் ஏத்திட்டான்னா? உங்க நம்பிக்கைய வச்சு நான் என்ன பண்றது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஆபத்துன்னு தெரிஞ்சா மறைக்க மாட்டேன். ஆனா முதல்ல அந்த ஆள்கிட்டதான் பேசுவேன். லிஸ்ட் போட்டுக் குடுக்கறது என் வேலை இல்ல" என்றேன். மேசைக்கடியில் லோகேஸ் என் காலை மிதித்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க" என்றார் சுகுமாறன்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பும்போது லோகேஸ்தான் காரை ஓட்டினாள். நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு கம்பெனிதான்.

"நானும் பதினாறு வருஷம் லிஸ்ட் எழுதிக் குடுத்திருக்கேன் பிரேமி" என்றாள் கடைசியில். "அதுல இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியும். குடுக்க வேணாம். போனாப் போகுது."

"அப்ப ஏன் கால மிதிச்சே?"

"நீ கத்திப் பேசினே. அதுக்கு."

மறுநாள் நான் கன்னையாவிடம் நேராகச் சொன்னேன். "கை ஆட்டத்தோட நீங்க ஹைவேல ஓட்டறது எனக்குப் பயமா இருக்குண்ணே. கம்பெனிக்குத் தெரியணும். நீங்களே சொன்னா நல்லது. வேணும்னா நானும் கூட இருக்கேன்."

"சொன்னா சாவிய வாங்கி வச்சுக்குவார்."

"இருக்கலாம்."

பொய்யாக ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அன்று மீதி ஓட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, நானும் லோகேஸும் சுகுமாறன் எதிரே உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் கன்னையா வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மேம்பாலம், மழை, மோட்டார்சைக்கிள், சுற்று வழி, கை ஆட்டம், எல்லாவற்றையும் நின்றபடியே, பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

சுகுமாறன் அவரையே பார்த்தார்.

"அப்ப நீ எண்ணெ விக்கலையா?"

"என்னது?"

"ஆறு மாசமா உன் லோரிக்கு மட்டும் டீசல் கூடப் போகுது. வித்துக் காசு பாக்கறேன்னு நெனச்சேன்யா!" மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வேலை நீக்கக் கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "மூணு வாரமா இத வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். பேனாவ எடுப்பேன், வச்சுருவேன்." கடிதத்தை இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு அவ்வளவு நிம்மதி.

கன்னையா சிரிக்கவில்லை. "பத்தொன்பது வருஷம் பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். கிழிந்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சுகுமாறன் எங்களைப் பார்த்தார். அந்த அறையில் ஆலோசகர் நான்தான். குப்பைக் கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இரண்டு மாதம் யார்டுக்குள்ளேயே கண்டெய்னர்களை நகர்த்தும் வேலை கன்னையாவுக்குக் கிடைத்தது. சம்பளத்தில் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலை காலியாக இருக்கும்போது, அவரை என் மைவி காரில் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போவேன். முதல் வாரம் பாலத்தின் அடிவாரத்தோடு திரும்பினோம். இரண்டாம் வாரம் கண்ணை மூடிக்கொண்டே மறுபக்கம் இறங்கினார். சட்டை முழுக்க வியர்வை. மூன்றாம் வாரம் பாதி கண் திறந்திருந்தது. நான்காம் வாரம், உச்சியில் போய்க்கொண்டிருக்கும்போது, "சிக்னல் போடாம லேன் மாறாதீங்கம்மா. எந்த ஸ்கூல்ல லைசன்ஸ் எடுத்தீங்க?" என்று கடிந்துகொண்டார். அவர் தேறிவருகிறார் என்பதற்கு எனக்கு வேறு பரிசோதனை தேவைப்படவில்லை. ஐந்தாம் வாரம் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எட்டாவது ஞாயிறு லோரி. கண்டெய்னர் இல்லாத வெறும் லோரிதான். நான் ஏறி உட்கார்ந்தேன். மேம்பாலம் ஏறும்போது கன்னையாவின் உதடு முணுமுணுத்தது. உச்சியில் வேகம் குறைந்தது. கை லேசாக ஆடியது. என்னைப் பார்க்காமல், "ஆடுதும்மா" என்றார். "ஆடட்டும்ணே, ஓட்டுங்க" என்றேன். இறங்கினோம். மறுபக்கம் வெயில் பளிச்சென்று அடித்தது.

"பின்னாடி வர்ற வெள்ளைக் கார் பாஸோடதுதானே?" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

ஷா ஆலமில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சுகுமாறன் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என்ன வேலையோ. சாலையோரக் கடையில் நாங்கள் நிறுத்தியதும் அவரும் வந்து, எதுவும் தெரியாதவர் போல, மூன்று தே தாரேக் டீ சொன்னார்.

கன்னையா டம்ளரைத் தொடவில்லை. "ஆறு மாசமா என்னைத் திருடன்னு நெனச்சீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

சுகுமாறன் நாற்காலியில் நெளிந்தார். அந்த மனிதருக்கு நாற்பது பேரை அதட்டத் தெரியும். இது தெரியாது. "கேக்க பயமா இருந்துச்சுய்யா" என்றார். "நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு. மன்னிச்சுக்க."

கன்னையா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, ரொட்டி சானாய் மூணு. அம்மாவுக்கு முட்ட போட்டு" என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் சுகுமாறன் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீட்டித்தார். பெயர்ப் பட்டியலைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. கண்ணாடி அறையில் இப்போது டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தாமரைக்குத்தான் வருத்தம். நான் வாரத்தில் இரண்டு நாள் தேநீர்க் கடைப் பக்கம் போய் நிற்கிறேன். முதல் நாள் அங்கே எனக்காக இரண்டு லோரிகள் நின்றிருந்தன. எதில் முதலில் ஏறுவது என்று தெரியாமல் நின்றபோது, ஓட்டுநர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "நீ போ லா", "இல்ல, நீ போ" என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.