முகவரி இல்லாமல் புத்தகம் இல்லை

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தபாலக்காவுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தாள். மூக்குக்கண்ணாடி அலமாரிக்கு அடியில் கிடந்தது. வாயெல்லாம் இரத்தம் உப்புக் கரித்தது. அடித்தவன் நிதானமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் முன்னால் இதே புண்ணியவான்தான் கதவைத் தட்டி, "உள்ள வரலாமாம்மா?" என்று பூனை போலக் கேட்டவன்.

"கத்துறதுன்னா கத்து. கீழ ரம்பம் ஓடுது. ஒருத்தனுக்கும் கேக்காது," என்றான்.

உண்மைதான். கீழே அவள் தம்பியின் மரப்பட்டறை. பலகை அறுக்கிற இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மாடியில் இடியே விழுந்தாலும் தெரியாது. மணி மூன்று. வாசகர்கள் வேலை முடிந்து வர ஐந்தாகும். இதையெல்லாம் நோட்டம் பார்த்துவிட்டுத்தான் படியேறியிருக்கிறான். இந்த மாதிரி ஆட்களுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. பெண்டாட்டியை அடிக்க மட்டும் அதைச் செலவழிப்பார்கள்.

"திரும்பவும் கேக்கிறேன். ஆடை வெட்டுற புத்தகத்த யாரு வாங்கிட்டுப் போனது?"

"சொல்ல முடியாது."

விலாவில் ஓர் உதை விழுந்தது. அக்கா சுருண்டாள். அவன் அவள் தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரனிடம் குறை சொல்வது போலச் சொன்னான்.

"என் பொண்டாட்டி ஓடிட்டா. தையல்காரி. அவளோட அளவுப் புத்தகத்த நான்தான் அடுப்புல போட்டேன். அது இல்லாம அவளுக்குக் கை ஓடாது. தைக்கலன்னா சோறு கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த மாதிரி ஒரு புத்தகத்தத் தேடித்தான் போவா. நான் ஏறுற மூணாவது லைப்ரரி இது."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அடியை விட அது வலித்தது.

நாலு நாளுக்கு முன் அந்தப் பெண் வந்திருந்தாள். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு. ஒரு மணி நேரம் அலமாரிகளுக்கு நடுவே நின்று, 'ஆடை வெட்டும் அளவுகள்' என்ற தடித்த புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சீட்டில் முகவரி எழுதச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"இங்கேயே உக்காந்து படிச்சிக்கிறேனேக்கா. முகவரி வேண்டாமே."

"அதெப்படிம்மா? சுவத்துல எழுதியிருக்கிறதப் படிக்கல? உன் கையாலயே எழுது. முழு முகவரி. மாடியா, கீழயா, முன்பக்கமா, பின்பக்கமா, எல்லாம்."

சுவரில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: முகவரி இல்லாமல் புத்தகம் இல்லை. முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள் வேறென்ன எழுதுவாள்? முகவரி இல்லாத மனிதரும் உலகத்தில் உண்டு என்பதே அவள் புத்தியில் ஏறாது. பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்தப் பெண் வேறொரு பெயரை எழுதினாள். ஆனால் பின்பக்கத்தில் முகவரியை உள்ளபடியே எழுதினாள். பொய் முகவரி எழுதக்கூடத் தெரியாத பிள்ளை அது.

ஓய்வு பெற்றபின் அக்கா ஒற்றை ஆளாக உருவாக்கிய நூலகம் இது. மூட்டை மூட்டையாக வந்த பழைய புத்தகங்கள், ஆயிரத்து நூற்று நாற்பது. எலி கடித்தவை, அட்டை இழந்தவை, நனைந்து உப்பியவை. ஒவ்வொன்றையும் துடைத்து, ஒட்டி, ஏழு வகையாகப் பிரித்து, எண் கொடுத்தாள். தலைப்புகளை அகரவரிசையில் அட்டையில் எழுதி இழுப்பறைகளில் அடுக்கினாள். புத்தகம் வெளியே போனால் அதற்குள் செருகியிருக்கிற இன்னொரு சிறு அட்டை வாசகரின் சீட்டுக்குள் நுழைந்து, மேசைமேல் இருக்கிற பெட்டியில் எண் வரிசைப்படி நிற்கும். புத்தகம் வந்ததும் அட்டை புத்தகத்துக்கு, சீட்டு வாசகருக்கு. சீட்டின் முன்பக்கம் பெயர், பின்பக்கம் முகவரி. தனியாக ஒரு பதிவேடு கிடையாது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்று தப்பாகும் என்பது தபால் நிலையத்தில் கற்ற பாடம்.

இழுப்பறைகள் தம்பியின் கைவேலை. அட்டைகள் கலையாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பி கோத்திருந்தான். உடைந்த ஜன்னலில் கழற்றிய கம்பி, கட்டைவிரல் கனம்.

"ஏன்டா, இது அட்டையா இல்ல ஆயுள் கைதியா?" என்று அன்று அக்கா கேட்டாள்.

"உன் அட்டைக்கு உயிர் வந்து ஓடிடுமோன்னு நீதான பயந்த?" என்றான் அவன்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா பெருமை அடித்துக்கொண்டாள். "யாரும் என்னக் கேக்கவே வேண்டாம். பத்து வயசுப் பிள்ளைகூட ரெண்டே நிமிஷத்துல எந்தப் புத்தகத்தையும் தேடி எடுத்துடும்."

இப்போது அவன் எழுந்து அதைத்தான் செய்தான். சுவரிலிருந்த விளக்கப் பலகையை விரல் வைத்துப் படித்தான். 'ஆ' இழுப்பறையை உருவினான். ஆகாயம், ஆட்டு வளர்ப்பு, ஆடை. "ஆறு, நாப்பத்தொண்ணு," என்று வாய்விட்டுச் சொன்னான். இழுப்பறையைத் தரையில் வீசினான். அது அக்காவின் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து சட்டம் பிளந்தது, அட்டைகள் சிதறின. மேசைக்குப் போனான். ஆறாம் வகையில் பதினொரு சீட்டுகள். நாலாவது நாற்பத்தொன்று. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அக்கா எட்டு மாதம் கண்விழித்து அதைத்தான் வைத்திருந்தாள்.

சீட்டை எடுத்தவன் பெயரைப் பார்த்து முகம் சுளித்தான். பிறகு எழுத்தைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"பேரத்தான் மாத்தியிருக்கா. அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

முகவரி பின்பக்கம் இருந்தது. அவன் இன்னும் திருப்பவில்லை.

அக்காவின் கையில் ஏதோ குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. பிளந்த இழுப்பறையிலிருந்து கழன்ற கம்பி. அறுபது வயதில் எங்கிருந்து பலம் வந்ததோ, அவள் எழுந்த வேகத்திலேயே அதை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் அவள் காதுக்கே கேட்டது. சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது. சீட்டு கீழே விழுந்தது. அதன்மேல் அவளும் விழுந்தாள்.

அவன் பூட்ஸ் காலால் அவள் வலது கையை மிதித்தான். இரண்டு விரல்கள் குச்சியாக ஒடிந்தன. ஆனால் சீட்டு இடது கைக்கு மாறி, அங்கிருந்து வாய்க்குப் போய்விட்டது.

"துப்புடி! துப்பு!"

மார்பில் முட்டியை ஊன்றி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். ஒரு பல் போனது. இன்னொரு பல் போனது. அக்கா மென்றாள். சீட்டு கெட்டி அட்டை. கிழியக்கூடாது என்று அவளே தேடி வாங்கியது. அதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டு மென்றாள். அவன் நல்ல கையின் விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினான். உடும்புப் பிடியாகக் கடித்தாள். பல் எலும்பில் போய் நின்றது. அவன் அலறி அலமாரியில் மோத, மேல்தட்டுப் புத்தகங்கள் இருவர் மேலும் சரிந்தன. அவன் உருவ உருவ அவள் விடவில்லை. தலையைத் தரையில் மோதினான். அப்போதும் விடவில்லை. இரத்தமும் மையும் தொண்டையில் இறங்கின.

கீழே ரம்பம் நின்றது. அடுத்த பலகையை எடுக்கத் தம்பி அதை நிறுத்தியிருந்தான். அலறல் பட்டறைக்குள் இறங்கியது.

தம்பி ஓர் எறும்பை மிதிக்க யோசிக்கிறவன். மாடியில் அக்காவைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த அந்தச் சாது செத்துப்போனான். கையில் உளிக்கு அடிக்கிற கொட்டாப்புளி இருந்தது. முதல் அடி முழங்கால் சிப்பியில் விழுந்தது. அடிபட்டவன் தவழ்ந்தே படிக்குப் போனான். தம்பி கூடவே இறங்கினான், படிக்கு ஒரு அடியாக. தெருவில் நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுக்காவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் வாயிலிருந்து நீலமும் சிவப்புமாக ஓர் உருண்டையை எடுத்தாள். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

"அந்தப் பொண்ணோட முகவரி வேணும். சாட்சிக்கு," என்றார் போலீஸ்காரர்.

அக்கா தெரியாது என்று தலையாட்டினாள்.

"முப்பத்தொரு வருஷத்துல நீ ஒரு முகவரியும் மறந்ததில்லையேக்கா," என்று தம்பி வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஐந்தாம் சந்து, பதினொன்று, மாடி, பின்பக்கம். கண்ணை மூடினாலும் தெரிந்தது. முதல்முறையாக மறக்க ஆசைப்பட்டாள், முடியவில்லை.

பத்தாம் நாள், கெடு தேதியன்று, தையல்காரி புத்தகத்தோடு வந்தாள். தாளில் சுற்றி, ஒரு மடிப்புக்கூட விழாமல் கொண்டுவந்திருந்தாள். அக்காவின் தையல் போட்ட உதட்டையும் கட்டுப் போட்ட கையையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவர் வந்தாரா?"

"ஆமாம்மா. இப்ப ஜெயில்ல இருக்கான். நடக்க ஆறு மாசமாவது ஆகும்," என்றான் தம்பி.

"என் முகவரி...?"

"அக்கா தின்னுட்டா," என்றான் தம்பி. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தையல்காரி புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "இனிமே வரலக்கா. என்னால யாருக்கும் எதுவும் வேண்டாம்."

அக்கா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தழும்பின்மேல் விரல் பட்டது.

"முகவரி வேண்டாம்னு அன்னைக்கே சொன்ன. நான்தான் எழுத வெச்சேன்," என்றாள். பல் போன வாயில் காற்றும் எச்சிலுமாக வந்தது. "என்ன மன்னிச்சிடு."

இருவரும் அழுதார்கள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அக்கா ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். பேனாவை அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. முகவரி எழுதுகிற இடத்தில் தன் இடது கையால், கோணல் மாணலாக, நூலகத்தின் முகவரியையே எழுதினாள். கதவு எண், தெரு, மாடி, முன்பக்கம். புத்தகத்தை மறுபடி அவள் கையில் திணித்தாள்.

அந்த வாரம் தம்பி சுவரிலிருந்த சிவப்பு எழுத்தைச் சுரண்டி எடுத்தான். அக்கா உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளையும் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, புதிதாக எழுதினாள். இன்றைக்கும் அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அங்கே புத்தகம் வாங்குகிற அத்தனை பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்.